யூரியாவில் அலசிய ரத்தம்

சாக்கு அக்கா லேசுப்பட்ட ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வருவதை நம்பச் சுலபமாக இருக்கும். மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் ஓடுகிற நீளச் சந்தில், இந்த முனையில் அவள் இருமினால் அந்த முனையில் லோடு இறக்குகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். அந்த மரியாதையை அப்பன் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை, புருஷன் வாங்கித் தரவும் இல்லை. கோணி ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்களால் அவளே சம்பாதித்துக்கொண்டது.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பெற்றவர்கள் சிறு வயதிலேயே போய்விட, சித்தி வீட்டில் வளர்ந்தாள். மாவு மில் வாசலில் எறிந்து கிடக்கும் கிழிந்த சாக்குகளைப் பொறுக்கி, ஒட்டுப் போட்டுத் தைத்து, அதே மில்லுக்குத் திருப்பி விற்றாள். மில்காரர் முதலில் சிரித்தார். அடுத்த மாதம், "இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டார். அப்படி ஆரம்பித்ததுதான். இன்று இரண்டு குடோன், வரிசையாக உட்கார்ந்து தைக்கிற பத்துப் பன்னிரண்டு பெண்கள், வாசலில் எந்த நேரமும் ஒரு வண்டி. சணல் சாக்கு, உரச் சாக்கு, சிமெண்டுச் சாக்கு, எது வந்தாலும் உதறி, அலசி, காயவைத்து, தைத்து, கட்டுக் கட்டி அனுப்பிவிடுவாள். ஒரு சாக்கு எத்தனை கை மாறியிருக்கிறது என்பதை மோந்து பார்த்தே சொல்வாள். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. பந்தயம் கட்டியவர்கள் யாரும் ஜெயித்ததில்லை.

அவள் தையலை யாராவது சந்தேகப்பட்டால் பேச்சே கிடையாது. சாக்கைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு முக்குவாள். நன்றாக ஊறியதும் எடுத்து, ஒரு பக்கத்தைத் தன் காலடியில் மிதித்துக்கொண்டு, மறுபக்கத்தைச் சந்தேகப்பட்டவர் கையில் கொடுப்பாள்.

"இழுங்க. உங்க பலம் மொத்தத்தையும் போட்டு இழுங்க. தையல் விட்டுச்சுன்னா கடையைச் சாத்திட்டுப் போயிடறேன்."

இழுத்தவர்கள் சிலர் பின்னால் போய் விழுந்திருக்கிறார்கள். தையல் விட்டதில்லை.

அவள் புருஷனுக்குச் சந்தில் 'தராசு' என்று பெயர். எடை போடுவது அவர் வேலை என்பதால் வந்த பெயர்தான். ஆனால் குணமும் அப்படியே அமைந்துவிட்டது. யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அந்தப் பக்கம் தாழ்ந்துவிடுவார். நல்ல மனுஷன். பொண்டாட்டி சத்தம் போட்டால், "சரிம்மா, சரிம்மா" என்று எடைத் தராசின் ஊக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்.

சாக்குக் கடைக்கு எதிரி எலி. சாக்கின் மூலையில் ஒட்டிக்கொண்டு வரும் நாலு தானியத்துக்கு எலி வரும், எலி வந்தால் ஒரே நாளில் ஒரு கட்டு நாசம். அதனால் குடோனில் எப்போதும் பூனைகள் உண்டு. அவற்றுக்கு அவள் வைத்திருந்த பெயர்களைக் கேட்டால் புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். "மேஸ்திரி எங்க? இன்ஸ்பெக்டர் இன்னும் டியூட்டிக்கு வரலியா?" என்று அவள் சத்தம் போட்டால், ஒற்றைக் காதுக் கடுவன் ஒன்றும் சாம்பல் நிறப் பெட்டை ஒன்றும் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து சோம்பல் முறித்துக்கொண்டு வரும்.

"சம்பளம் கேக்காது, லீவு கேக்காது, எதுத்துப் பேசாது. உங்களைவிட எவ்வளவோ மேல்" என்பாள் தைக்கிற பெண்களிடம்.

"அதுங்களும் வாய் இருந்தா கேக்கும் அக்கா" என்று ஒருத்தி சொல்லுவாள். சிரிப்பு குடோன் முழுக்கச் சுற்றும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, விசாரிக்கிறவர்களும் விசாரிப்பதை நிறுத்திவிட்ட பிறகு, அவள் வயிற்றில் ஒரு குழந்தை தங்கியது. நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயசு. தராசுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே மூட்டையை மூன்று முறை எடை போட்டார். அவளோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சந்து முழுக்கச் சொன்னாள்: "லேட்டா வந்தாலும் என் லோடு குறையாம வரும், பாத்துக்கிட்டே இருங்க."

மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற டாக்டரம்மாவிடம்தான் காட்டினாள். நிதானமான பெண்மணி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் பேசுவார். வயசு அதிகம், வேலை தூசியில் என்பதால் வழக்கமானவற்றோடு இன்னும் சில ரத்தப் பரிசோதனைகளையும் எழுதிக் கொடுத்தார். கீழே தெருமுனையில் இருக்கிற லேபில் ரத்தம் கொடுத்தாள். முடிவு வந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"வீட்டுல பூனை வளக்கறீங்களா?"

"வீட்டுல இல்ல டாக்டரம்மா. குடோன்ல. அஞ்சு பேர் வேலை பாக்கறாங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"பூனை வயித்துல ஒரு ஒட்டுண்ணி வளரும். கண்ணுக்குத் தெரியாது. பூனையோட மலம் வழியா வெளிய வந்து மண்ணுல, தூசில கலந்துடும். சரியா வேகாத கறியில, கழுவாத கீரையிலகூட இருக்கும். சாதாரணமா ஒருத்தருக்கு வந்தா லேசா காய்ச்சல் அடிச்ச மாதிரி வந்துட்டுப் போயிடும், வந்ததே தெரியாது. ஆனா வயித்துல குழந்தை இருக்கும்போது முதல் தடவையா வந்துச்சுன்னா குழந்தைக்குப் போகலாம். கண்ணைப் பாதிக்கலாம். மூளையைப் பாதிக்கலாம்."

"எனக்கு வந்திருக்கா?"

"வந்திருக்கு. எப்ப வந்துச்சுன்னுதான் தெரியணும். குழந்தைக்கு முன்னாடியே வந்திருந்தா கவலையே இல்ல. உங்க உடம்பு ஏற்கெனவே அதை அடக்கி வெச்சிருக்கும். குழந்தை உண்டான பிறகு வந்திருந்தாதான் பிரச்சினை. உங்க ரத்தத்துல ரெண்டு அடையாளமும் இருக்கு. ஒண்ணு, எப்பவோ வந்ததுன்னு காட்டும். இன்னொண்ணு பெரும்பாலும் புதுசா வந்தவங்களுக்கு இருக்கும். ஆனா சில பேருக்கு அது வருஷக்கணக்காகூடப் போகாம தங்கிடும். அதனால பயந்துடாதீங்க, இன்னொரு டெஸ்ட் இருக்கு..."

அதற்குப் பிறகு டாக்டரம்மா சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. 'கண்', 'மூளை' என்ற இரண்டு சொல் மட்டும் மண்டைக்குள் சுற்றியது. மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு படி இறங்கினாள். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவள் எந்தப் படியிலும் கைப்பிடியைப் பிடித்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

சேதி மறுநாளே தராசின் மூத்த அக்காவுக்கு எட்டிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவள் அந்த அம்மாள். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளை வருஷக்கணக்கில் எண்ணி வாங்கியதால் பாதி டாக்டர் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா? பூனையைக் கிட்ட சேக்காதேன்னு சொன்னேனா இல்லியா?"

"எப்ப சொன்னீங்க அண்ணி? போன தடவை வந்தப்ப இன்ஸ்பெக்டரை மடியில வெச்சுக் கொஞ்சினது யாரு?"

"பேச்சை மாத்தாத. அது பேரென்ன, டாக்ஸியோ பஸ்ஸோ, அது வந்துட்டா குழந்தை உருப்படியாப் பொறக்காது. எங்க ஆஸ்பத்திரியில கண் தெரியாம, தலை வீங்கி, எத்தனை பாத்திருக்கேன் தெரியுமா?"

"துணி வெளுக்கற எடத்துக்கா அண்ணி குழந்தைங்களைக் கொண்டு வருவாங்க?"

அண்ணிக்கு முகம் சுருங்கியது. ஆனால் அவள் கெட்ட எண்ணத்தோடு வந்தவள் இல்லை. அதுவும் உண்மை. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "உனக்கு வயசாகுது. குறையோட ஒண்ணைப் பெத்துட்டு உனக்கப்புறம் அதை யாரு பாப்பாங்க? எனக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட பேசிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. சின்ன வேலைதான். காலையில போனா சாயங்காலம் வந்துடலாம்."

தராசு தம்பி இரண்டு பக்கமும் பார்த்தார். கடைசியாகப் பேசியது அக்கா.

"அக்கா சொல்றதும் ஒரு விதத்துல..." என்று இழுத்தார்.

சாக்கு அக்கா புருஷனைப் பார்த்த பார்வையில் அவர் மீதி வாக்கியத்தை விழுங்கிவிட்டார். "என் வயித்துக்கு நாள் குறிக்க உங்க ரெண்டு பேருக்கும் யாரு அதிகாரம் குடுத்தது?" என்றாள் அவள். குரல் வழக்கம்போல் சந்து வரை போனது. ஆனால், 'உனக்கப்புறம் அதை யாரு பாப்பாங்க' என்று அண்ணி கேட்டது மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

அன்று பகல் தைக்கிற பெண்கள் சாப்பிடப் போன நேரத்தில், மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். பிறந்து வளர்ந்ததிலிருந்து மூச்சு விட்ட தூசி அது. முன்னால் வந்து நின்ற மேஸ்திரி காலில் உரசப் பார்த்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள். ஜெயிக்கவே பிறந்தவள் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள், அந்த நிமிஷம் ஒரு குழந்தைக்காக யாரிடமாவது தோற்றுப்போகக்கூடத் தயாராக இருந்தாள். யாரிடம் என்றுதான் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், முகத்தில் சாக்குத் தூசி அப்பியது, அப்படியே எழுந்து டாக்டரம்மாவிடம் நடந்தாள்.

"நேத்து இன்னொரு டெஸ்ட்டுன்னு என்னமோ சொன்னீங்க. என் காதுல விழல. இப்ப சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"உடம்புக்குள்ள கிருமி வந்தா அதைப் பிடிக்க ரத்தம் காவலாளுங்களைத் தயார் பண்ணும். புதுசா வேலைக்குச் சேந்த காவலாளுக்குப் பிடி லேசா இருக்கும். நாளாக ஆக, பிடி இறுகிக்கிட்டே போகும். இந்த டெஸ்ட்டுல என்ன பண்ணுவாங்கன்னா, அந்தக் கிருமியோட துணுக்கை ஒரு தட்டுல ஒட்ட வெச்சு, உங்க ரத்தத்துல இருக்கற காவலாளுங்களை அது மேல விடுவாங்க. அவங்க போய்ப் பிடிச்சுக்குவாங்க. அப்புறம் யூரியாக் கரைசலை ஊத்தி அலசுவாங்க. லேசாப் பிடிச்சவன் கழண்டுடுவான். இறுக்கிப் பிடிச்சவன் நிப்பான். எத்தனை பேர் நிக்கறாங்கன்னு பாத்தா..."

"இருங்க, இருங்க. யூரியாவா?"

"ஆமா. யூரியாதான்."

"வயலுக்குப் போடற யூரியா? நம்ம சாக்குல வர்ற யூரியா?"

"அதேதான். சுத்தம் பண்ணினது."

சாக்கு அக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் இப்போது பயத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கிடைத்துவிட்டது. "அதாவது நனைச்சு இழுத்துப் பாக்கறீங்க. இதுதானே? இதை நேத்தே சொல்லியிருந்தா நான் படியில கைப்பிடியைப் பிடிச்சிருக்க மாட்டேனே! தையல் பழசா புதுசான்னு பாக்கறது என் பரம்பரைத் தொழில் மாதிரி."

"பரம்பரையா?"

"என்கிட்ட இருந்து ஆரம்பிக்கற பரம்பரை."

டாக்டரம்மாவுக்கு இந்தத் தடவை சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சொல்ல வேண்டியதை மறைக்காமல் சொன்னார். "ஒண்ணு கவனிச்சுக்கோங்க. பிடி இறுக்கமா இருந்தா, கடைசி நாலு மாசத்துக்குள்ள வந்த நோய் இல்லன்னு உறுதியாச் சொல்லிடலாம். பிடி லேசா இருந்தா புதுசுன்னு அர்த்தம் இல்ல, சொல்ல முடியலன்னு அர்த்தம். அப்புறம், உங்களுக்கு மூணு மாசம் முடிஞ்சுடுச்சு. இன்னும் தள்ளிப் போச்சுன்னா, நாலு மாசத்துக்கு முன்னாடின்னு முடிவு வந்தாலும் அது குழந்தைக்கு முன்னாடியா பின்னாடியான்னு தெரியாமப் போயிடும். ரத்தம் இந்த வாரமே போகணும். பெரிய ஊர் லேபுக்கு நம்ம தெருமுனை லேப்தான் அனுப்பணும். வண்டி வியாழக்கிழமை மட்டும்தான்."

"அதுக்கென்ன, இப்பவே போறேன்" என்று எழுந்தாள். நேராக லேபுக்குப் போய்க் கையை நீட்டினாள். ஊசி குத்தும்போது, "கோணி ஊசி தூக்கற கைக்கு இதெல்லாம் கொசு" என்றாள்.

வியாழக்கிழமை காலையில்தான் அந்தக் கூத்து நடந்தது.

சாக்கு வியாபாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சாக்கு உளுத்துப் போயிருந்தால் அந்த ஒன்றோடு விடமாட்டார்கள். எந்தக் கட்டில் வந்தது என்று பார்த்து, அந்தக் கட்டு முழுவதையும் பிரித்துப் போட்டு, எங்கே இருந்து ஆரம்பித்தது என்று தேடுவார்கள். தராசு இதையே இருபது வருஷமாகச் செய்தவர். மூன்று நாளாகப் பொண்டாட்டியின் முகத்தையும் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அந்த மண்டையில் ஒரு யோசனை உதித்தது. பொண்டாட்டி ரத்தத்தைப் பார்த்தால் போதுமா? ஆரம்பித்த இடத்தைப் பார்க்க வேண்டாமா? எந்தப் பூனையிடம் நோய் இருக்கிறது, எப்போதிருந்து இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் வழக்கு முடிந்ததே!

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் ஒரு காரியம் செய்து அன்றைக்குத்தான் அவர் பெயர் வாங்கப் பார்த்தார். அகப்பட்ட மூன்று பூனைகளை இரண்டு சணல் சாக்கில் போட்டுக் கட்டி, சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு லேபுக்குப் போய்விட்டார்.

"என்னங்க இது மூட்டை?" என்றார் லேப்காரர்.

"ரத்தம் எடுக்கணும்."

"யாருக்கு?"

"இன்ஸ்பெக்டருக்கு" என்று சொல்லிக்கொண்டே தராசு கட்டை அவிழ்த்தார்.

அதன் பிறகு என்ன நடந்தது என்பதை லேப்காரர் ஒரு மாதிரியும், ரத்தம் எடுக்கிற பெண் ஒரு மாதிரியும், வாசலில் வண்டியோடு நின்ற கூரியர்காரன் ஒரு மாதிரியும் சொன்னார்கள். மூவரும் ஒத்துக்கொண்ட விஷயம் இவ்வளவுதான்: இன்ஸ்பெக்டர் சுவர்க் கடிகாரம் வரை ஏறிவிட்டது. மேஸ்திரி மேஜைக்குத் தாவி, அங்கிருந்து மூடி திறந்திருந்த ஐஸ் பெட்டிக்குள் குதித்தது. பெட்டி கவிழ்ந்தது. அனுப்புவதற்காகப் பிரித்து வைத்திருந்த சின்னக் குப்பி உருண்டுபோய், மூடி கழன்று, உள்ளே இருந்தது தரையில் கொட்டியது. அன்று அந்தப் பெட்டியில் இருந்தது ஒரே ஒரு குப்பி. யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

தராசு சுவரோடு ஒட்டி நின்றார்.

"பூனை ரத்தத்தைப் பாத்து என்னங்க செய்யறது?" என்று லேப்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பூனைக்கு அது வாழ்க்கையில ஒரு தடவை வந்து ரெண்டு மூணு வாரம் வெளிய போகும், அவ்வளவுதான். இப்ப அதைப் பாத்து உங்க வீட்டம்மாவுக்கு எப்ப வந்துச்சுன்னு எப்படிச் சொல்றது? பதில் அவங்க ரத்தத்துல இருந்துச்சு. அதை இப்ப நான் துடைப்பத்தால பெருக்கணும்."

கூரியர்காரன் கடிகாரத்தைப் பார்த்தான். கடிகாரத்தின் மேலிருந்து இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்தது. "பத்து நிமிஷத்துல நான் கெளம்பியாகணும் சார். பஸ் போயிடும். அடுத்தது அடுத்த வியாழன்தான்."

ரத்தம் எடுக்கிற பெண் மறு பேச்சுப் பேசாமல் சாக்குக் கடைக்குப் போன் போட்டாள்.

சாக்கு அக்கா வந்த வேகத்தைப் பற்றிச் சந்தில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். மூட்டை ஏற்றியிருந்த மூன்று சக்கர வண்டியில், மூட்டைகளுக்கு மேலேயே உட்கார்ந்து, "ஓரம் போ, ஓரம் போ" என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்து இறங்கினாள். உள்ளே நுழைந்து தரையைப் பார்த்தாள். கவிழ்ந்த பெட்டியைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டியிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"நல்லது பண்ணலாம்னு..." என்று அவர் ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

கத்துவாள் என்றுதான் எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் கத்தவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது: இந்த மனுஷன் தராசு முள்ளைப் போல அக்கா பக்கம் சாயவில்லை, குழந்தையின் பக்கம் சாய்ந்துதான் இந்தக் கோமாளித்தனத்தைச் செய்திருக்கிறார்.

"மொதல்ல இன்ஸ்பெக்டரை இறக்குங்க. பயந்து போயிருக்கு" என்றாள் அவரிடம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். "எந்தக் கை வேணுமோ எடுத்துக்கோம்மா. குப்பி குப்பியா எடு. குடம் வேணும்னாலும் எடு."

"எடுத்த ரத்தம் உறையணும், மிஷின்ல சுத்தணும்" என்றாள் அந்தப் பெண். "நேரம் ஆகும் அக்கா."

சாக்கு அக்கா கூரியர்காரன் பக்கம் திரும்பினாள். வண்டியை ஸ்டார்ட் பண்ணப் போனவன் காலை எடுத்துவிட்டான்.

"தம்பி, அந்த பஸ் எங்க நிக்கும்?"

"பெரிய ஸ்டாண்டுலக்கா. டிரைவர் நிறுத்த மாட்டார்."

"பஸ் மேல ஏறற மூட்டையில பாதி யாரோட சாக்குன்னு அந்த டிரைவர்கிட்ட கேளு. போனைப் போட்டுக் குடு."

போனில் அவள் டிரைவரிடம் கெஞ்சினாளா மிரட்டினாளா என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. "அண்ணே, என் குழந்தை உங்க பஸ்ல ஏறணும், அது இன்னும் ரெடியாகல" என்று சொன்னது மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது. பஸ் நின்றது. ரத்தம் உறைந்து, சுற்றி, பிரித்து, புதுக் குப்பியில் அடைபட்டு, புதிதாக ஐஸ் போட்ட பெட்டியில் ஏறியது. இந்தத் தடவை தராசு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார், மூடி திறக்காமலிருக்க. கூரியர்காரன் வந்து எழுப்பும்வரை எழவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அண்ணி பையோடு வந்து நின்றாள்.

"கெளம்பலியா?"

"ரத்தம் போயிருக்கு அண்ணி. பதில் வர்ற வரைக்கும் யாரும் என்னை எங்கயும் கூட்டிட்டுப் போக முடியாது."

"பதில் மோசமா வந்தா?"

"அப்பவும் டாக்டரம்மாகிட்ட உக்காந்து நான்தான் முடிவு பண்ணுவேன். இப்ப உள்ள வாங்க, டீ குடிங்க."

அண்ணி தம்பியைப் பார்த்தாள். ஊக்கைத் துடைத்துக்கொண்டிருந்த தராசு, வாழ்க்கையில் முதல் தடவையாக, யார் கடைசியாகப் பேசுகிறார்கள் என்று காத்திருக்காமல், யாரும் கேட்காமலேயே சொன்னார்: "அவ சொல்றதுதான்க்கா. டீ ஆறுது."

காத்திருந்த நாட்களில் டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தாள். மாத்திரை தவறவில்லை. சாக்கு உதறுகிற பக்கம் போகவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, முகத்தில் துணி கட்டி, கையில் உறை மாட்டிக்கொண்டு அங்கிருந்தே வேலை வாங்கினாள். முன்பைவிடச் சத்தம் அதிகமாக இருந்தது என்று தைக்கிற பெண்கள் முணுமுணுத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு அடியில் என்ன இருந்தது என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

முடிவு வந்த அன்று மூன்று பேருமே மாடி ஏறினார்கள். அண்ணி மூச்சு வாங்கினாள். டாக்டரம்மா தாளைப் படித்தார், திரும்பவும் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அலசிப் பாத்தும் விடலம்மா. பிடி நல்ல இறுக்கம். இது நாலு மாசத்துக்கு முன்னாடி வந்ததுதான். ரத்தம் எடுத்த அன்னிக்கு உங்க குழந்தைக்கு அவ்வளவு வயசே ஆகல. நீங்க சின்னப் பொண்ணா மில் வாசல்ல சாக்குப் பொறுக்கினப்பவே வந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். குழந்தைக்கு இதால பயம் இல்ல. மாத்திரையை நிறுத்திடலாம்."

சாக்கு அக்கா அந்தத் தாளை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அண்ணிதான் பொத்தென்று நாற்காலியில் விழுந்து விக்கி விக்கி அழுதாள். தராசு யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் டாக்டரம்மாவின் எடை மிஷின் மேல் ஏறி நின்றார்.

படி இறங்கும்போது சாக்கு அக்கா கைப்பிடியைத் தொடவில்லை. தெருவுக்கு வந்ததும் குரலை விட்டாள். அதுவும் எப்படி! மருந்துக் கடையில் ஆரம்பித்து, லேபுக்குள் எட்டிப் பார்த்து, சைக்கிள் கடை, டீக்கடை, மில் வாசல் என்று ஒரு இடம் விடாமல் நின்று நின்று சொன்னாள். "யூரியாவுல போட்டு அலசினாங்கப்பா என் ரத்தத்தை! பெரிய ஊர் லேப்ல! விடல! ஒரு இழைகூட விடல! என் தையலைச் சந்தேகப்பட்டவங்க எல்லாம் வந்து பாத்துக்கோங்க!" சைக்கிள் கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கைதட்டினார். மில்காரர் வெளியே வந்து, "ஆனா ஒண்ணும்மா, உன் ரத்தத்துல எங்க மில் தூசிக்கும் பங்கு உண்டு" என்றார். "அதுக்குத்தான் இத்தனை வருஷமா உங்க சாக்கைக் கம்மி விலைக்குத் தைக்கறேன்" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். லோடு இறக்குகிறவர்கள் எல்லாரும் மூட்டையை அப்படியே போட்டுவிட்டுச் சுற்றி நின்று சிரித்தார்கள். சந்து அன்று பாதி நாள் வேலை பார்க்கவில்லை.

மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. தராசே ஒரு தடவை கையில் ஏந்திப் பார்த்துச் சரியான எண்ணைச் சொன்னார், ஆஸ்பத்திரி மிஷினும் அதையே சொன்னது. எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டரம்மா கண் டாக்டரை வரவழைத்தார். அவர் விளக்கை அடித்ததும் குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்ட சத்தத்தில் வராந்தாவில் நடந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். எப்படியோ திறக்கவைத்துப் பார்த்தார். "கண்ணு ரெண்டும் பளிச்சுனு இருக்கு. குறை ஒண்ணும் இல்ல" என்றார்.

அண்ணி குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கே போய்விட்டாள். போகிற வருகிற நர்ஸ், பெருக்குகிற பெண், பக்கத்து அறைக்காரர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. "பாருங்க, பாருங்க, என்ன கண்ணு, என்ன குரலு! எங்க பக்கத்து ரத்தம்ங்க! எங்க குடும்பத்து ரத்தம் எப்பவும் இப்படித்தான், கெட்டி!"

கட்டிலில் களைத்துப் படுத்திருந்த சாக்கு அக்கா முழங்கையை ஊன்றி எழுந்தாள். ஆஸ்பத்திரிச் சுவர் அதிரும்படி ஒரு குரல் கொடுத்தாள்.

"அண்ணி! பெரிய ஊர் லேப்ல அலசிப் பாத்தது என் ரத்தம்! குழந்தையைக் கொண்டாங்க இங்க!"